ஸ்டெல்லாவைத் திட்டாத ஒரு வாரம்

கிளட்சை எப்படி விடுவது, ஸ்டியரிங்கை எத்தனை சுற்று சுற்றுவது என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாதவர்களை இந்த டிரைவிங் ஸ்கூலில் வேலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று மேனேஜர் கேட்டார். இருபத்தெட்டு வருடம் இதே பெங்களூரில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். பிரேக் பிடித்துப் பிடித்து வலது முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

என் வாயைப் பற்றி ஆபீசில் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. ஒரு பாங்க் ஆபீசர் என் திட்டைத் தாங்காமல் பானஸ்வாடி சிக்னலில் காரை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போனது நிஜம். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, ஃபைலை எடுத்துக்கொண்டு போயே விட்டார். நான் இறங்கி ஓடி வந்து டிரைவர் சீட்டில் உட்காருவதற்குள் பின்னால் இருந்த அத்தனை ஹாரனும் என் பெயரைச் சொல்லிக் கத்தின. நான்கு நாள் கழித்து அவரே திரும்பி வந்தார். வேறு ஸ்கூலில் சேர்ந்து பார்த்தாராம். "அங்க என்ன தப்பு பண்ணாலும் ஓகே சார், ஓகே சார்ங்கறாங்க மேடம். பயமா இருக்கு" என்றார். அவர் இன்றைக்கும் நன்றாக ஓட்டுகிறார்.

அதற்காக எல்லோரையும் திட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்தது, நான் ஒரே ஒரு மாணவியை ஒரு வாரம் முழுக்கத் திட்டாமல் விட்டேன், அதைப் பற்றி. என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

தொண்ணூற்றெட்டாம் வருடம். லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. பீன்யாவில் மின்சார மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். கையோடு ஒரு பழைய வெள்ளைக் காரையும் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். அவர் கணவர் அருள் சாருக்கு ஸ்கூட்டரே சரியாக வராது. முட்ட வரும் மாட்டைப் பார்க்கிற மாதிரி அந்தக் காரைத் தள்ளி நின்றே பார்ப்பார்.

முதல் நாள் நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். எதற்காகக் கற்றுக்கொள்கிறீர்கள்?

"இருபத்தாறு வருஷம் பீன்யாவுக்குக் கம்பெனி பஸ்ல போய் வந்தேன் மேடம். இருபத்தாறு வருஷமும் எனக்கு முன்னாடி உக்காந்திருக்கறவங்க பின்மண்டையதான் பாத்தேன். ஒருவாட்டி ரோட்டப் பாக்கணும்."

இப்படி ஒரு பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. பிள்ளைகளை ஸ்கூலில் விட, வேலைக்குப் போக, மாமியார் வீட்டில் மானத்தைக் காப்பாற்ற என்றுதான் சொல்வார்கள்.

காலை ஆறரை மணி வகுப்பு. ஸ்டெல்லாவுக்கு வண்டி சுலபமாக வரவில்லை. ஆனால் ஆளுக்குச் சலிப்பு என்பதே கிடையாது. கம்பெனியில் அவர் முன்னால் மூன்று டப்பா இருக்குமாம். சரியாக இருக்கிற பீஸ் பாஸ் டப்பாவில் போகும். சின்னக் குறை என்றால் ரீவொர்க் டப்பா, திரும்பப் போய்ச் சரிசெய்து வரும். தேறாதது ரிஜெக்ட் டப்பா. அந்தப் பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டார். ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவார், சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைக் குனிந்து பார்ப்பார், "ரீவொர்க்" என்பார், மறுபடி ஏறி முதலிலிருந்து எடுப்பார். நான் திட்டுவதற்கு முன்னால் அவரே தன்னை ரீவொர்க் டப்பாவில் போட்டுவிடுவார். அப்படியும் நான் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன். ஹென்னூர் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று இடது இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, குனிந்து வாந்தி எடுத்தார். வாந்தி எடுப்பதற்கு முன்னால் கண்ணாடி பார்த்த மாணவியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார். "சாப்பாடு இல்ல மேடம். வயித்துல கட்டி. கேன்சர். போன வருஷம் ஆபரேஷன் பண்ணாங்க, திரும்ப வந்துடுச்சு. ஒரு வருஷம்னு சொல்லிருக்காங்க. கூடக்கொறைய இருக்கலாம். சரி, போலாமா? முன்னாடி லெஃப்ட் எடுக்கவா?"

லெஃப்ட் எடுக்கச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அழுதது தப்பில்லை. மறுநாளிலிருந்து நான் செய்ததுதான் தப்பு. பஸ் போகிற ரோட்டை விட்டுவிட்டு, ஆளே இல்லாத லேஅவுட் தெருக்களாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். என் கால் எப்போதும் என் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. வண்டி தப்பான பக்கம் போனால், ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன். அவர் ஏற்றத்தில் வண்டியை ஆஃப் பண்ணினால் "பரவால்ல, மெதுவா" என்றேன். வகுப்பு முடிந்ததும் "ரொம்ப நல்லா ஓட்டினீங்க" என்றேன். பாவம், இருக்கிற கொஞ்ச நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று நினைத்தேன். பெரிய நல்லது செய்கிற மாதிரி எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சனிக்கிழமை அதே ஏற்றத்தில் மூன்று முறை ஆஃப் பண்ணினார். மூன்றாவது முறை திரும்ப ஸ்டார்ட் பண்ணவில்லை. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மேடம், ஒரு வாரமா வாயே தொறக்க மாட்டேங்கறீங்க?"

"நல்லாத்தானே ஓட்டறீங்க ஸ்டெல்லா."

"பொய் சொல்லாதீங்க. போன மாசம் இதே ஏத்தத்துல ஒருவாட்டி ஆஃப் பண்ணேன். அதுக்கு என்ன சொன்னீங்க? இது காரா, மாவு மில்லா, நிறுத்தி நிறுத்தி அரைக்கறீங்களேன்னு கேட்டீங்க. இன்னிக்கு மூணு வாட்டி. பரவால்லங்கறீங்க. எது பரவால்ல?"

சாவிக்காகக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"எங்க கம்பெனில ரீவொர்க் டப்பால போட்ட பீஸுக்குத்தான் மேடம் அத்தன பேச்சும். இங்க தேய்க்கணும், அங்க சரியில்ல, எந்த மகராசன் செஞ்சான் இதன்னு ஒரே கலாட்டா நடக்கும். ரிஜெக்ட் டப்பால போட்டாச்சுன்னா அதப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. நீங்க என்ன எந்த டப்பால போட்டிருக்கீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் விடவில்லை.

"வீட்டுல அவரு சண்ட போடறத நிறுத்திட்டாரு. கொழம்புல உப்பே இல்லன்னாலும் பிரமாதம்ங்கறாரு. சர்ச்சுல என்னப் பாத்தா எல்லாருக்கும் கொரல் சின்னதாயிடுது. காலைல இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் நான் சாதாரணமா இருந்தேன். அதையும் எடுத்துட்டீங்களே மேடம்."

வெட்கமாக இருந்தது. இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று யாருக்காக நினைத்தேன்? எனக்காகத்தான். அந்த அம்மாவைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. செத்துப்போன ஆளிடம் நடந்துகொள்கிற மாதிரி, உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவரிடம் ஒரு வாரம் நடந்திருக்கிறேன்.

"சாவியப் போடுங்க" என்றேன். "இந்தத் தடவ ஆஃப் பண்ணீங்கன்னா எறங்கி லிங்கராஜபுரம் வரைக்கும் நடந்து போங்க. நான் கொண்டுவந்து விட மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். நான்காவது முறையும் ஆஃப் ஆனது. ஒரு வாரம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் திட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியத் திட்டினேன். பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார். ஐந்தாவது முறை வண்டி ஏறிவிட்டது.

திங்கட்கிழமை எங்கள் ஓனரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்வல்ப யோசனெ மாடி மேடம்" என்றார். கொஞ்சம் யோசியுங்கள் என்கிறார். ரோட்டில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, வேறு ஒருவர் மேல் போய் மோதினால் என்ன பதில் சொல்வது, ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். இரக்கப்பட்டு ஒருவரை ரோட்டில் விடுவதும், இரக்கப்பட்டு ஒருவரை வீட்டில் உட்கார வைப்பதும் இரண்டுமே நம் வேலை இல்லை. ஓட்ட முடியுமா, முடியாதா என்பதை மட்டும்தான் நாம் பார்க்க வேண்டும். நான் ஸ்டெல்லாவின் டாக்டரை நேரில் போய்ப் பார்த்தேன். கண், கை, கால், மயக்கம் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டேன். இப்போதைக்கு ஓட்டலாம், தலை சுற்றுகிற நாளிலும் தூக்கம் வருகிற மாத்திரை போட்ட நாளிலும் கூடாது என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எப்படியும் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எதையும் மறைக்காமல் அவரே எழுதிக் கொடுத்தார்.

ஸ்டெல்லாவிடம் நானும் ஒரு சத்தியம் வாங்கினேன். "தல சுத்தினா சாவியத் தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கே போறதா இருந்தாலும் ஆட்டோல போங்க. ஏமாத்தினீங்கன்னா நானே போய் லைசென்ஸக் கேன்சல் பண்ணச் சொல்லுவேன்."

"நான் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவ மேடம். கெட்ட பீஸ வெளிய அனுப்ப மாட்டேன்" என்றார்.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, நான் மரத்தடியில் நின்றேன். வழக்கமாக நான் கவலைப்படுகிற ஆள் இல்லை. போனால் மறுபடி வந்து டெஸ்ட் கொடுக்கட்டும் என்றுதான் இருப்பேன். ஆனால் ஸ்டெல்லாவுக்கு மறுபடி என்று எத்தனை முறை இருக்கிறது என்று தெரியாதே. கார் ஒரு சுற்றுப் போய் வந்தது. ரிவர்ஸ் எடுத்தார். முதல் முறையே சரியாக நின்றது. இறங்கி வந்து, பழக்க தோஷத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "பாஸ்" என்று தானே சொல்லிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டியவர் அவர் அல்லவா? அப்படியும் பாஸ் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஸ்கூலுக்கே எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அவர் வயதுக்கு ஐந்து வருடம்தான் கொடுப்பார்கள். பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தார்.

"பாத்தீங்களா மேடம். டாக்டரு ஒரு வருஷந்தான் குடுத்தாரு. கவர்மெண்டு அஞ்சு வருஷம் குடுத்திருக்குது."

அவர் சிரித்த சிரிப்பில் ஆபீசில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். வெள்ளைக் காரில் ஸ்டெல்லா. "ஏறுங்க மேடம், அத்திபெலே போயிட்டு வரலாம்" என்றார். அங்கே என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். ரோடு நேராக இருக்குமாம், அதனால் போகலாமாம்.

நம் ஸ்கூல் வண்டியில் இடது பக்கமும் பிரேக் இருக்கும். அது அவருடைய சொந்த வண்டி, இடது பக்கம் ஒன்றும் கிடையாது. அதை நான் ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போன பிறகுதான் உணர்ந்தேன். எதிரில் எது வந்தாலும் என் வலது கால் தானாகவே கீழே இருந்த பாயை மிதித்தது. ஸ்டெல்லா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மேடம், பாயி கிழிஞ்சுடும். கால எடுங்க" என்றார்.

அத்திபெலேயில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சூடான போண்டா. அவரால் பாதிதான் சாப்பிட முடிந்தது. அந்தப் பாதியை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுகிற லாரிகளின் நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே, "நீங்க வண்டி எடுத்துட்டு எங்கெல்லாம் போவீங்க மேடம்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். வகுப்புக்குப் போக ஓட்டியிருக்கிறேன், வகுப்பிலிருந்து வர ஓட்டியிருக்கிறேன். எங்கேயாவது போக வேண்டும் என்று எனக்காக ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. தங்கை குடும்பத்தோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன், தூங்குவேன். எப்போதாவது போகலாம் என்றுதான் இருந்தேன். எப்போது என்று யாரும் கேட்டதில்லை.

ஸ்டெல்லா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப வரும்போது நீங்க ஓட்டுங்க" என்றார். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். பக்கத்தில் பதறிக்கொண்டு ஒரு மாணவர் இல்லாமல், யாருக்கும் எதையும் சொல்லித் தராமல், முதல் முறையாக வெறுமனே வண்டி ஓட்டினேன். காற்று முகத்தில் அடித்தது. எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த ரோட்டில்தான் ஞாபகம் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ஸ்டெல்லா பதினொரு மாதம் வண்டி ஓட்டினார். பெரிதாக எங்கேயும் போய்விடவில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவார். சர்ச்சில் பாட்டுப் பாடுகிற நான்கு பெண்களை அடைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போவார். பூச்செடித் தொட்டிகளைப் பின் சீட்டில் வைத்து, அவற்றுக்கும் பெல்ட் போட்டுக்கொண்டு வருவார். தலை சுற்றுகிற நாளில் சாவி ஆணியிலேயே தொங்கும். அன்று யார் கேட்டாலும் எடுக்க மாட்டார். அருள் சாரே இதை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தன் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு நாள் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். பேசித் தீர்த்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க மேடம், பழசோட புதுசா ரெண்டு சண்ட ஜாஸ்தியாச்சு. ஆனா அவ வெக்கற மீன் கொழம்பு அப்படியே இருக்குது. நல்லா சாப்ட்டேன். அடுத்த வாரமும் போறேன்."

அந்த வருடம்தான் நான் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தேன். ஆபீசில் உங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறார்களா, தெரியவில்லை. கடைசி வகுப்பில் எதையும் சொல்லித்தர வேண்டாம். எங்கே போகணும் என்று கேளுங்கள், அங்கே ஓட்டச் சொல்லுங்கள். சிலர் பழைய ஸ்கூலுக்குப் போவார்கள், சிலர் ஐஸ்கிரீம் கடைக்கு. பாதிப் பேருக்கு என்ன சொல்வது என்றே தெரியாது, திருதிருவென்று விழிப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஓட்டத் தெரிந்துவிட்டால் போதும், எங்கே என்பது அப்புறம் தானாக வரும் என்று நானும் ரொம்ப வருடம் இருந்தவள்தான்.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை காலையில் அருள் சார் ஸ்கூலுக்குப் போன் பண்ணினார். "ஸ்டெல்லாவ அட்மிட் பண்ணிட்டோம் மேடம். காரு ஆஸ்பத்திரி பார்க்கிங்ல நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியாது. செக்யூரிட்டி எடுங்க எடுங்கன்னு சத்தம் போடறான். கொஞ்சம் வர முடியுமா?"

வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரு வேனுக்கும் சுவருக்கும் நடுவே, ரிவர்ஸில், நான்கு விரல் இடைவெளி விட்டுக் கச்சிதமாக நின்றிருந்தது கார். அருள் சார் அதன் பக்கத்தில் நின்றிருந்தார், கையில் சாவி.

வயிற்றில் நீர் சேர்ந்திருந்ததாம். உடனே வந்து சேரச் சொன்னார்களாம். தலை சுற்றல் இல்லை, மாத்திரை எதுவும் போடவில்லை, நானே ஓட்டுகிறேன் என்று அவரே ஓட்டி வந்திருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கணவர் கையில் கொடுத்து, "இனிமே நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"திரும்பி ஓட்டப் போறதில்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு மேடம்" என்றார் அருள் சார். "ஆனா வர்ற வழில பங்க்ல நிறுத்தி, ஃபுல் டேங்க் போட்டா. எதுக்கு மேடம் போட்டா? எனக்குப் புரியவே இல்ல." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாடிக்குப் போனேன். ஸ்டெல்லா கண்ணைத் திறந்திருந்தார். கையில் ஊசி, குழாய். முகம் மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்டேன். எதற்கு ஸ்டெல்லா ஃபுல் டேங்க்?

நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "என்ன கேள்வி மேடம் இது? முள்ளு கீழ இருந்துச்சு. பங்க் வந்துச்சு. போட்டேன்."

விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "பயமா இருக்கா?"

"இருக்குது. இல்லன்னு சொன்னா பொய்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஐயோ இதப் பண்ணலியே, அதப் பண்ணலியேன்னு மனசுல ஒண்ணும் அரிக்கல மேடம். நேத்துகூட மார்க்கெட் போனேன். வஞ்சிர மீன் நல்லா இருந்துச்சு."

எட்டு நாள் கழித்து, கணவரும் தங்கச்சியும் பக்கத்தில் இருக்க, அமைதியாக இறந்துபோனார். நான் அழுதேன். ஆனால் அவருக்காக மனம் பதறவில்லை. அந்த வித்தியாசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காரை நான்தான் லிங்கராஜபுரத்துக்கு ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தேன். அருள் சார் அதை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் அவர் ஸ்கூலுக்கு வந்தார். அறுபது வயது, ஸ்கூட்டருக்கே பயப்படுகிற மனிதர். எல்.எல்.ஆர். படிவத்தைப் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"அவ போட்ட பெட்ரோல் அப்படியே இருக்குது மேடம்" என்றார். "கெட்டுப் போறதுக்குள்ள ஓட்டிடணும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஆறரைக்கு வரச் சொன்னேன்.